மாமனாருக்கு அனுமதி

ஒரு மனிதர் எதன்மேல் எல்லாம் தன் பேரை எழுதி வைக்கிறார் என்று பார்த்தால் போதும், அவரிடம் வேறு எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும். எங்கள் மில்லின் கம்ப்யூட்டர் மேனேஜர், அறையிலிருந்த அத்தனை நாற்காலிகளின் முதுகிலும் தன் பேரின் முதலெழுத்துகளை வெள்ளைப் பெயின்டால் எழுத வைத்திருந்தார். மேசை விசிறியில் எழுதியிருந்தார். தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் வெட்டியிருந்தார். அதைக் குறை சொல்ல முடியாது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் ஊர் வழக்கம். கல்யாணம் காட்சிக்கு இரவல் போன அண்டா வீடு திரும்பி வர வேண்டும் அல்லவா? ஆனால் குப்பைக்கூடையில் பேர் எழுதி வைத்தவர் என்று என் ஆயுளில் நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். டீ கொண்டுவரும் கேன்டீன் மாஸ்டர் அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் என் காதருகே குனிந்து சொல்வார்: "எழுதுனதுலயே இது ஒண்ணுதாண்ணே பொருத்தமா அமைஞ்சிருக்கு."

மில் மதுரையில், விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் இருந்தது. எண்பதுகளின் கடைசி. ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைச் சினிமாவில் மட்டும் பார்த்திருந்த காலம். எங்களுக்கு ஒரு ஏ.சி. அறை, அதன் நடுவே பீரோ மாதிரி ஒரு மெஷின், சுற்றி நாலு திரைகள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் உண்டு, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று உண்டு. மனிதர்களுக்கு அந்த மில்லில் அவ்வளவு மரியாதை நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் அங்கே டைம் ஆபீசில் தொழிலாளர்களின் டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவன். மெஷினை நிறுவ மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு தடிப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறினால் மில் வரும்வரை அதை மடியில் வைத்துப் படிப்பேன். புரியாத வரியைக் கொஞ்சம் உரக்கப் படித்தால் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன தம்பி, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்பார். அவருக்கும் புரியாதுதான். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் எனக்குப் புரிந்துவிடும். என் படிப்பெல்லாம் அப்படி வந்தது. அந்தப் படிப்புதான் என்னை டைம் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டுவந்தது.

என்னோடு வேலை பார்த்த ஆபரேட்டர் ஒரு பெண். ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முன்பு அதே மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் நின்றவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்து, நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு ஆளானாள். அந்த நிலையிலும் டைப்ரைட்டிங் பாஸ் செய்து, எங்கள் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் வேலைக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "இங்க வந்த பெறகுதாண்ணே மூச்சுன்னா சத்தமில்லாமயும் வரும்னு எனக்குத் தெரிஞ்சுச்சு." இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் சொன்னதும் இந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெஷினுக்குள் தகவல் இருக்கும் இடத்துக்கு டேபிள் என்று பேர். தொழிலாளிகள் யார் யார், எந்தப் பகுதி, இன்று வந்தார்களா இல்லையா என்பதெல்லாம் ஒரு டேபிளில் இருந்தது. அதை எல்லாரும் நேரடியாகத் திறக்கக் கூடாது என்பதற்காக அதன்மேல் வியூ என்று ஒன்றைச் செய்திருந்தார்கள். நான் அதைச் சன்னல் என்று சொல்வேன். டேபிள் ஒரு அறை, வியூ அதில் வைத்த சன்னல். ஆபரேட்டருக்குச் சன்னலைத் திறக்க மட்டும்தான் அனுமதி; அறைக்குள் போக அனுமதி இல்லை. இருந்தும் சன்னல் வழியாக உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. காரணம், சன்னலும் அறையும் ஒரே ஆள் பேரில் இருந்தன. தன் வீட்டுச் சன்னலைத் திறந்து பார் என்று ஒருவர் சொல்லிவிட்டால், வீட்டைப் பார்க்கலாமா என்று அவரிடமே மறுபடி கேட்பது கிறுக்குத்தனம். மெஷினுக்கு அந்த அளவு புத்தி இருந்தது. சன்னல் ஒருவர் பேரிலும் அறை வேறொருவர் பேரிலும் இருந்தால் மட்டும் அது நின்று கேட்கும்: சன்னல்காரரே, உங்களுக்கு இந்த அறையில் என்ன பாத்தியதை? பார்க்க மட்டுமா, அடுத்தவருக்குக் காட்டவுமா?

எங்களிடம் அந்தச் சிக்கல் வரவே இல்லை. நிறுவும்போது இன்ஜினியர், "ஓனர்னு யார் பேரைப் போட?" என்று கேட்டார். அந்த மில்லில் ஓனர் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான் அர்த்தம். எல்லாரும் ஒரே குரலாக முதலாளி பேரைச் சொன்னோம். டேபிள், சன்னல், சகலமும் முதலாளி பேரில் ஏறின. நிம்மதியாக ஓடியது.

அப்புறம்தான் மருமகன் வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். குப்பைக்கூடைக்குப் பேர் எழுதியவர். மெட்ராஸில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். அதை மாட்ட ஆணி அடித்தபோது எழுந்த சத்தம்தான் அந்த அறையில் அவர் செய்த வேலையில் வெளியே கேட்ட ஒரே சத்தம். வந்த புதிதில் எந்த டேபிள் யார் பேரில் இருக்கிறது என்று திரையில் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். வரிசையாக முதலாளி பேர்.

"எல்லாமே மாமா பேர்லதான் இருக்கா?"

"ஆமா சார்."

"அப்ப நான் எதுக்கு மேனேஜர்?"

எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவரே கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு காலை நாங்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்து, தொழிலாளி டேபிளுக்குத் தன் பேரில் ஒரு நகல் எடுத்து, முதலாளி பேரில் இருந்த பழையதை அழித்துவிட்டார். பழைய இடத்தில், உள்ளே போகிறவர்கள் புதியதற்குத் திரும்பட்டும் என்று ஒரு கைகாட்டியும் வைத்திருந்தார். அண்டாவில் பழைய பேரை ராவிவிட்டுப் புதுப்பேர் வெட்டுகிற வேலை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று கேன்டீனிலிருந்து எல்லாருக்கும் கேசரி வந்தது. "என்ன விசேசம்ணே?" என்று கேட்ட கேன்டீன் மாஸ்டரிடம், "டேபிளுக்குக் கிரகப்பிரவேசம்" என்றேன்.

கேசரி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து ஆபரேட்டர் தன் சன்னலைத் திறந்தாள். திறக்கவில்லை. அனுமதி போதாது என்று ஒரு வரி இங்கிலீஷில் வந்து நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே வரி.

மருமகன் எழுந்து வந்தார். அவளை நகரச் சொல்லிவிட்டு, தன் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு டேபிளையே நேரே திறந்தார். ஜம்மென்று வந்தது.

"எனக்கு வருதே!"

"உங்களுக்கு வரும் சார். உங்க வீட்டுக்குள்ள நீங்க போறதுக்கு யாரு மறிப்பா?" என்றாள் அவள்.

"அப்ப நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்திருக்க."

தனக்குச் சரியாக வருகிறது என்றால் உலகத்தில் பிழையே இல்லை என்று நம்புகிற ஆட்களை நான் அதற்குப் பிறகும் நிறையச் சந்தித்தேன். கம்ப்யூட்டர் தொழிலில் அவர்கள் பஞ்சமில்லாமல் கிடைப்பார்கள். ஆனால் இவர் மாதிரி, அதை ஒரு குணமாகவே வளர்த்துக்கொண்டவர் அபூர்வம்.

மெட்ராஸுக்குப் போன் போட்டோம். அந்தக் காலத்து எஸ்.டி.டி.யில் கத்தினால்தான் கேட்கும், அதனால் அந்தப் பக்கத்து இன்ஜினியர் சொன்னது அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"சார், வியூ முதலாளி பேர்ல, டேபிள் உங்க பேர்ல! ரெண்டும் வேற வேற ஓனர் ஆயிருச்சு! பழையபடி டேபிளை அவர் பேருக்கே மாத்திருங்க. இல்லேன்னா நீங்க அவருக்கு அனுமதி குடுங்க! சும்மா பாக்கற அனுமதி போதாது, அடுத்தவங்களுக்குக் குடுக்கற உரிமையோட சேத்துக் குடுக்கணும்! ஒரே வரி சார்!"

மருமகன் போனை வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமாவுக்கு நான் அனுமதி குடுக்கறதா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாமனார் அறைக்குள் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் நிற்கிறவர் இவர். அவர் எதிரில் காபி குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவர் உட்கார்ந்துகொண்டு, அனுமதி தருகிறேன் என்பதற்கான கிராண்ட் என்ற சொல்லை அடித்து, மாமனாரின் பேரையும் அடித்து, போனால் போகிறது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கே உத்தரவு கொடுப்பதா? குடும்பம் என்ன பேசும்? சரி, டேபிளைத் திருப்பித் தந்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. பேர் மாறிய செய்தி கேசரியோடு வீட்டுக்கும் போய்விட்டது. எடுத்துக்கொள்ளும்போது மரியாதை குறுக்கே வரவில்லை. அனுமதி கொடுக்கச் சொன்னபோதுதான் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு மரியாதையை மதுரையில் மட்டும்தான் வளர்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலான பாஸ்வேர்டு ஒன்று என்னிடம் இருந்தது. அந்த மெஷினில் அதுகூட இதில் செல்லாது. ஒருவர் பொருள்மேல் அனுமதியை அந்த ஆள்தான் கொடுக்க வேண்டும். நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"சார், நான் அடிக்கிறேன் சார். நீங்க பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடுங்க."

"என் பேர்ல நீ அடிச்சாலும் நான் குடுத்ததாத்தானே ஆகும்?"

அந்த மனிதர் தன் உத்தியோக காலம் முழுவதிலும் கம்ப்யூட்டரைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொண்டது இந்த ஒரு வரியைத்தான். அதையும் தப்பான இடத்தில் பயன்படுத்தினார்.

சனிக்கிழமைகளில் முதலாளி நேரே வந்து உட்கார்ந்து, எந்தப் பகுதியில் ஆள் வரத்து எப்படி என்று தன் பேரில் தானே திறந்து பார்ப்பார். அவருக்குக் கற்றுக்கொடுத்ததே ஆபரேட்டர்தான். அந்தச் சனிக்கிழமையும் திரை திறக்காது என்பது மருமகனுக்குத் தெரியும். திறக்காததற்கு ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ ரீலிங்குக்குப் போயிரு. இங்க உனக்குச் சரிப்படாது."

 "சார், அங்க போனா எனக்கு மூச்சு முட்டும் சார்" என்றாள்.

"அங்க இம்புட்டுப் பேரு வேலை பாக்கலையா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஒரு வரி அடிக்கிறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு என்னையத் தூசிக்குள்ள தள்ளுறாருண்ணே. இதுக்கு அவரு நேரடியா என் மூக்கைப் பொத்தியிருக்கலாம்."

சனிக்கிழமை முதலாளி வந்தார். அவரை ஒன்றும் நல்லவராக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே உணர்ச்சி தன்னுடையது, தன்னுடையது அல்லாதது என்ற வித்தியாசம்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வந்து திரைமுன் உட்கார்ந்தார். மருமகன் எழுந்து சுவரோரம் போனார். முதலாளி ஒரு விரலால் தன் பேரை அடித்து, பார்க்க வேண்டியதைக் கேட்டார். அனுமதி போதாது என்று வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"யாருக்கு அனுமதி போதாதாம்?"

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கா?"

"இந்தப் பொண்ணு எதையோ கெடுத்து வச்சிருச்சு மாமா" என்றார் மருமகன். "திங்கக்கிழமை ரீலிங்குக்கு மாத்திட்டேன்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல ஐயா." அவள் திரையைக் காட்டினாள். "டேபிளு இப்ப மாப்பிள்ளை சாரு பேர்ல இருக்கு. தொறக்குற சன்னலு ஒங்க பேர்ல இருக்கு. அவுக ஒங்களுக்கு அனுமதி குடுத்தாத்தான் தொறக்கும். மெட்ராஸ்லயும் அப்படித்தான் சொன்னாக."

"அவரு எனக்கு?"

"ஆமாங்கய்யா."

முதலாளி மெதுவாக நாற்காலியோடு சுழன்று மருமகனைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, எனக்குக் குடுக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

"மரியாதைக் குறைவா இருக்குமேன்னுதான் மாமா குடுக்கல..."

"டேபிளை எடுத்துக்கிட்டது மரியாதையோடதானாக்கும்?"

 முதலாளி எழுந்தார். நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க." மருமகன் முதலாளியின் முன்னால் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்; ஊசிமேல் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார். முதலாளி அவர் பக்கத்தில் நின்று, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி வலது கையைக் கீபோர்டுக்கு முன்னால் நீட்டினார்.

"குடுங்க மாப்பிள்ளை. வாங்கிக்கிறேன்."

மருமகன் அடித்தார். முதலில் மாமனார் பேரிலேயே எழுத்துப் பிழை. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அனுமதி கொடுத்தாயிற்று என்று மெஷின் சொன்னது. முதலாளி தன் பேரில் திறந்தார். ஆள் வரத்து முழுக்கத் திரையில் வந்தது. திருப்தியாகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் வேலை முடிந்தது. அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதற்குள் அவள் அடுத்த திரையில் தன் சன்னலைத் திறந்து பார்த்திருந்தாள்.

"ஐயா, எனக்கு இன்னும் வரல."

"எனக்குத்தான் வந்துருச்சேம்மா."

"ஒங்களுக்கு மட்டும் வர்ற மாதிரி குடுத்திருக்காக ஐயா. நீங்க பாத்துக்கிடலாம். அடுத்த ஆளுக்குக் காட்டுறதுக்கு ஒங்களுக்கு உரிமை இல்ல. அந்த வரியோட வாலு விட்டுப்போச்சு."

முதலாளியின் கால் நின்றுவிட்டது. இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். மில்லில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு அவர் மகளுக்கு ஒரு வீடு எழுதி வைத்தார். மருமகன் கைக்குப் போய்விடக் கூடாது என்று, ஆயுள் வரைக்கும் ஆண்டு அனுபவிக்கலாம், விற்கவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ உரிமை இல்லை என்று பத்திரத்தில் வாசகம் போட்டுத்தான் எழுதினார்.

"பாத்து அனுபவிச்சுக்கலாம், கை மாத்த முடியாது. அப்படித்தானேம்மா?"

"அப்படித்தாங்கய்யா."

அவர் திரும்பி மருமகனைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு ஆளாகப் பார்த்தது அந்த ஒரு கணம்தான் என்று நினைக்கிறேன். உதட்டோரத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"பரவால்லையே மாப்பிள்ளை. என் பத்திரத்தையே எனக்கு எழுதிட்டீங்க."

"அய்யய்யோ, இல்ல மாமா! மறந்துட்டேன் மாமா! வேணும்னு செய்யல!"

சிரிப்பு அப்படியே அணைந்தது. பழிவாங்கத்தான் அப்படிச் செய்தேன் என்று மருமகன் உறுதியாக நின்றிருந்தால், மாமனார் எப்படியோ, நான் அவரை மதித்திருப்பேன். கைக்கு வந்த ஒரே மரியாதையையும், அது மரியாதை என்று தெரியாமல் அவசர அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தார்.

"முழுசா அடிங்க" என்றார் முதலாளி.

அடித்தார். வாலோடு அடித்தார். அதற்குப் பிறகு நான் முதலாளி பேரில் திறந்தே இருந்த திரையில் உட்கார்ந்து, ஆபரேட்டருக்குச் சன்னலைத் திறக்கும் அனுமதியை மறுபடி ஒரு தரம் கொடுத்தேன். அவள் திறந்தாள். வந்தது. ரீலிங் பகுதியின் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே, தன் மாற்றலைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருந்தாள். முதலாளி பாட்டுக்குக் கதவைத் திறந்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, இந்தப் புள்ளையோட மாத்தல்..."

"அதை நான் ஏன் சொல்லணும்? மாத்துனவருல்ல சொல்லணும். குடுக்கறதெல்லாம் இனி அவருதானே?" என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்தபடியே நின்றார். ஏ.சி. காற்றெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் நல்லதற்காக அவர் நின்றதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மருமகன் இன்னொரு தரம் குனிவதைப் பார்க்கும் ருசிக்காக நின்றார். எதற்காக நின்றால் என்ன, நின்றாரே.

மருமகன் அவளைப் பார்க்கவில்லை. தன் சான்றிதழைப் பார்த்துச் சொன்னார்.

"திங்கக்கிழமை இங்கயே வா."

"சரிங்க சார்" என்றாள். மறுநொடியே, "வாலோட சொல்றீகளா, வாலு இல்லாமயா சார்?" என்று கேட்டாள்.

முதலாளி வெடித்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மருமகனுக்குக் கேள்வி விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல இரண்டு பஸ் மாறி வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். தன் திரைமுன் உட்கார்ந்து, நாற்காலி முதுகில் வெள்ளைப் பெயின்டில் இருந்த அந்த முதலெழுத்துகள்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டு, சத்தமில்லாமல் மூச்சு விட்டாள்.